வின்செஸ்டர் 94, மார்லின் 336, சாவேஜ் 99: காட்டுக்கு எந்த லீவர் ரைஃபிள்?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் நாளுக்கு அடுத்து வரும் சனிக்கிழமையன்று, மான் வேட்டைக்கான ரைஃபிள் பருவம் தொடங்குகிறது. விடிவதற்கு முன்பே மலைச்சாலை ஓரங்களில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். இந்த மாநிலத்தில், சுட்டவுடன் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளை மான் வேட்டைக்குக் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இயக்கித்தான் ஏற்ற வேண்டும். தாத்தா வாங்கிய லீவர் ரைஃபிளைப் பேரன் எடுத்துக்கொண்டு மலையேறும் காட்சி இங்கே இன்றும் சாதாரணம்.

இங்கே குடியேறி, வார இறுதியில் சுடுகளத்துக்கு வரத் தொடங்கியிருக்கும் தமிழ் நண்பர்கள் என்னிடம் எடுத்தவுடன் கேட்பது, ‘எந்தத் தோட்டா நல்லது?’ என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, ‘உங்களுக்கு என்ன வயது?’ என்பது. நாற்பத்தைந்தைத் தாண்டியவருக்கு ஏற்ற ரைஃபிளைத் தோட்டாவைவிட அவருடைய கண்தான் முடிவு செய்கிறது. இதை நான் ஒரு மானைத் தவறவிட்டுக் கற்றுக்கொண்டேன். அது பின்னால் வரும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. முதல் உரிமம் எடுக்குமுன் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். அதை அரைத்தூக்கத்தில் கடந்துவிடாமல் முழுமனதோடு படியுங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை அமெரிக்காவில் வாழ்பவர்களுக்கானது.

லீவர் என்பது விசைக்குக் கீழே விரல்களை நுழைத்துப் பிடிக்கும் வளையம். அதை முன்னால் தள்ளினால், தோட்டா இருக்கும் அறையை அடைத்து நிற்கும் போல்ட் பின்வாங்கி, வெற்று உறையை வெளியே எறிந்து, விசையை இழுத்ததும் விழுந்து தட்டும் சுத்தியலை மடக்கி வைக்கிறது. திரும்ப இழுத்தால் புதுத் தோட்டா அறைக்குள் போய் பூட்டிக்கொள்கிறது. பெரும்பாலான லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு நீண்ட குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு அடுத்ததன் அடிப்பகுதியை, அதாவது தட்டினால் தீப்பிடிக்கும் இடத்தை, தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டு பொருத்திய தோட்டாவை அங்கே வைத்தால் சுடும்போது ஏற்படும் உதைப்பில் குழாய்க்குள்ளேயே வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் தட்டைமூக்குக் குண்டுதான் வழக்கம். தட்டைமூக்கு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கிறது. 2005இல் ஹார்னடி நிறுவனம் மென்மையான ரப்பர் போன்ற முனை வைத்த கூர்குண்டைக் கொண்டுவந்து இந்தக் குறையைப் பாதி தீர்த்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

இப்போது வின்செஸ்டர் 94. ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து 1894இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு புகையற்ற வெடிமருந்தோடு .30-30 தோட்டா இதற்காகவே வந்தது. அன்றுமுதல் இன்றுவரை 70 லட்சத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்கள் விற்றிருக்கின்றன. 20 அங்குலக் குழல் உள்ள கார்பைன் என்ற குட்டை வடிவம் மூன்று கிலோ அளவில்தான் எடை. இந்த எண்களைவிட முக்கியமான ஒன்றைக் கடையில் கையில் எடுத்தவுடன் உணர்வீர்கள். ரைஃபிளின் நடுப்பகுதி, விசைக்குச் சற்று முன்னால் உள்ள ரிசீவர், தட்டையாக மெலிந்து உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அங்கேதான் எடையின் சமநிலையும் இருக்கிறது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கிளைகளை ஒதுக்கிக்கொண்டு, மைல் கணக்கில் நடக்கலாம். நடந்து நடந்து மானைத் தேடுபவருக்கு இதைவிட இசைவான ரைஃபிளை நான் தூக்கியதில்லை.

அதன் குறையும் அதே அமைப்பிலிருந்துதான் வருகிறது. போல்ட் மேல்புறமாகத் திறக்கிறது. வெற்று உறை தலைக்கு மேலே பறக்கிறது. ரிசீவரின் உச்சியில் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, வைத்தால் உறை அதில் மோதும். 1980களின் தொடக்கத்தில் உறையைச் சாய்வாக வலப்பக்கம் எறியும்படி மாற்றினார்கள். அதன்பிறகு வந்தவற்றில் ஸ்கோப் பொருத்த முடிகிறது. ஆனால் பொருத்தினால் கை பிடிக்கும் இடத்தின் அழகும் சமநிலையும் கெட்டுவிடுகின்றன. எனக்கு அது மனமொப்பாது.

நான் முதலில் வாங்கியது பழைய 94தான். சுடுகளத்தில் நண்பகல் வெளிச்சத்தில் 50 கெஜத்தில் மூன்று தோட்டாக்களையும் உள்ளங்கை அகலத்துக்குள் அடக்கினேன். அந்த ஆண்டு மான் பருவத்தின் இரண்டாம் நாள் மாலை, ஹெம்லாக் மரங்களின் நிழலில் ஒரு வெள்ளைவால் மான் வந்து நின்றது. எழுபது கெஜம் இருக்கும். ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவந்தேன். குழல் நுனியில் உள்ள மணி போன்ற குறி கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. பின்குறியின் பள்ளத்தில் ஏதோ சாம்பல் நிறக் கறை மட்டும் தெரிந்தது. மணியை உற்றுப்பார்த்தால் மான் கரைந்தது. மானைப் பார்த்தால் மணி கரைந்தது. சுத்தியலைப் பெருவிரலால் மெல்ல இறக்கிவிட்டு, மான் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடாதது சரியான முடிவு. அந்த வெளிச்சத்தில் அந்தக் கண்ணோடு சுட்டிருந்தால் மானைக் காயப்படுத்தி இரவெல்லாம் இரத்தத் தடம் தேடியிருப்பேன்.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. பின்குறியை எடுத்துவிட்டு, கண்ணுக்கு அருகே ரிசீவர்மீது சிறு துளையுள்ள குறியைப் பொருத்தலாம். பீப் சைட் என்பார்கள். துளை வழியாகப் பார்க்கும்போது கண் மூன்று பொருள்களில் மாறி மாறிக் கவனம் வைக்க வேண்டியதில்லை. முன்குறியை மானின்மீது வைத்தால் போதும். துளையின் மையத்தைக் கண் தானே பிடித்துக்கொள்கிறது. முன்குறியும் ஓரளவு கூர்மையாகத் தெரிகிறது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் 94தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் நான் அவருக்குச் சொல்லும் வழி இதுவே. அந்திவேளையில் மட்டும் இதுவும் கைகொடுப்பதில்லை.

பழைய 94 வாங்குபவர்கள் ‘1964க்கு முந்தியதா?’ என்று கேட்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆண்டு செலவைக் குறைக்க உற்பத்தி முறையை மாற்றினார்கள். கடைந்து செய்த சில பாகங்களுக்குப் பதில் தகட்டை அழுத்திச் செய்த பாகங்கள் வந்தன. முந்தியவற்றுக்கு விலை அதிகம். பிந்தியவையும் மானை வீழ்த்தும். 2006இல் நியூ ஹேவன் ஆலை மூடப்பட்டது. இப்போது வின்செஸ்டர் பெயரில் ஜப்பானின் மிரோக்கு நிறுவனம் செய்கிறது. வேலைப்பாடு அருமையாக இருக்கிறது, விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது.

மார்லின் 336இன் வம்சம் 1893ஆம் ஆண்டு மாடலிலிருந்து தொடங்கினாலும், இந்தப் பெயரில் வந்தது 1948இல். இதன் ரிசீவரின் உச்சி மூடியது. வெற்று உறை பக்கவாட்டில் வெளியேறும். மேலே தட்டையான, அசையாத இரும்பு. ஸ்கோப்பைத் தாழ்வாகப் பொருத்திவிடலாம். 2 முதல் 7 மடங்கு பெரிதாக்கும் சிறிய ஸ்கோப் போதும். காட்டுக்குள் போகும்போது மிகக் குறைந்த அளவிலேயே வைத்திருங்கள். பெரிதாக்கி வைத்தால் முப்பது கெஜத்தில் எழும் மான் கண்ணாடிக்குள் அகப்படாது, ரோமம்தான் தெரியும். ஸ்கோப் வைத்தபின் சுத்தியலைப் பெருவிரல் எட்டுவது கடினமாகிவிடும். அதற்காகப் பக்கவாட்டில் நீளும் சிறு கொம்பு ஒன்று விற்கிறது, மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

எடை 94ஐவிடச் சற்றுக் கூடுதல். ஸ்கோப்போடு இன்னும் ஏறும். ரிசீவர் பருத்தது, ஒரு கைப்பிடியில் 94 தரும் சுகம் இதில் இல்லை. நாள் முழுவதும் நடப்பவருக்கு இது தெரியும். ஓக் மரத்தடியில் உட்கார்ந்து காத்திருப்பவருக்குத் தெரியாது.

336இன் பக்கம் என்னை முழுவதும் சாய்த்தது சுத்தம் செய்யும் வசதி. லீவரில் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் லீவர் கையோடு வரும். போல்ட் பின்னால் வழுக்கி வெளியே வரும். உறையை எறியும் சிறு துண்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுக் குழலைப் பின்பக்கத்திலிருந்தே துடைக்கலாம். இதற்கு இரண்டு நிமிடம் போதும். 94ஐ அப்படிப் பிரிக்க உட்கார்ந்தால் ஊசிகளும் இணைப்புகளும் மேசை முழுக்கப் பரவும். ஆகவே பெரும்பாலோர் குழல் வாயிலிருந்தே கம்பியை விட்டுத் துடைக்கிறார்கள். அதைக் கவனமின்றிச் செய்தால் குழல் வாயின் விளிம்பு ஆண்டுக்கணக்கில் தேயும். தேய்ந்தால் குறி தப்பும். பழைய 94களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

மார்லின் வாங்குபவர் அதன் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கனெக்டிகட்டின் நார்த் ஹேவன் ஆலையில் செய்தவற்றுக்கு நல்ல பெயர். 2007இல் ரெமிங்டன் நிறுவனம் வாங்கி, உற்பத்தியை நியூயார்க் மாநிலத்தின் இலியனுக்கு மாற்றியது. அந்த மாற்றத்தின் முதல் ஆண்டுகளில் செய்தவற்றில் பொருத்தமும் மெருகும் குறைந்திருந்தன என்று வேட்டைக்காரர்களிடையே பரவலான பேச்சு உண்டு. 2020இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கி, வட கரோலினாவில் மீண்டும் செய்யத் தொடங்கியது. 336 கிளாசிக் 2023இல் திரும்பி வந்தது. நான் கடைகளில் கையாண்ட புதியவை, மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகம் நுழையாதபடி இருந்தன.

94, 336 இரண்டும் பெரும்பாலும் .30-30 தோட்டாவையே சுடுகின்றன. 170 கிரெயின் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் கிளம்புகிறது. நூறு கெஜத்துக்குக் குறியைச் சரிசெய்தால் இருநூறு கெஜத்தில் குண்டு ஏழெட்டு அங்குலம் தாழ்ந்துவிடும். நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை 150 கெஜம். பென்சில்வேனியாவின் லாரல் புதர்களுக்குள் அதற்கு மேல் பார்வையே போகாது என்பதால் இது எனக்கு ஒரு நாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. வயல்வெளி ஓரத்தில் உட்கார்ந்து சுடுபவர்களின் கதை வேறு.

அவர்களுக்காகவே செய்ததுபோல இருப்பது சாவேஜ் 99. ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிக்காவில் தொடங்கிய நிறுவனம், 1899இல் இந்த மாடலைக் கொண்டுவந்தது. குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு, தோட்டாக்களை வட்டமாகத் தாங்கும் சுழல் மேகசினை, அதாவது தோட்டா அறையை, ரிசீவருக்குள்ளேயே வைத்தார். மேலே திறந்த வாயில் ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அழுத்தினால், உள்ளே பித்தளைச் சக்கரம் வில்லின் எதிர்ப்போடு ஒரு படி திரும்புவது விரல் நுனியில் தெரியும். இடப்பக்கத்தில் ஒரு சிறு துவாரம். அதில் உள்ளே எத்தனை தோட்டா மீதி என்று எண் தெரியும். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூக்கு முட்டி நிற்காததால் கூர்குண்டைத் தயக்கமின்றிப் போடலாம். 1915இல் இதற்காக வந்த .250-3000 தோட்டா, 87 கிரெயின் குண்டை நொடிக்கு 3,000 அடி வேகத்தில் அனுப்பியது. பெயரே அந்த வேகத்தைச் சொல்கிறது. பின்னர் .300 சாவேஜ், .308, .243 எல்லாம் வந்தன. இருநூற்றைம்பது கெஜத்தில் மானைச் சுடுவது இதற்கு இயல்பு.

வெளியே சுத்தியல் இல்லை என்பது இதன் இன்னொரு குணம். 94, 336 ஆகியவற்றில் சுடாமல் விட்ட பிறகு, நிறைந்த அறையின்மேல் சுத்தியலைப் பெருவிரலால் பிடித்து இறக்க வேண்டும். பனியில் விறைத்த விரல், தடித்த கையுறை, வழுக்கினால் வெடிக்கும். எப்போதும் குழலை மண்ணை நோக்கிப் பிடித்துத்தான் இதைச் செய்ய வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டே செய்யுங்கள். 99இல் இந்தச் சோதனையே இல்லை. விசையைப் பூட்டும் பாதுகாப்புப் பொத்தானை நகர்த்தினால் முடிந்தது.

பொறியியலில் மூன்றிலும் முதலிடம் 99க்குத்தான். ஆனாலும் முதல் ரைஃபிளாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி நின்றுவிட்டது. பாகம் உடைந்தால் பழைய ரைஃபிள்களிலிருந்து கழற்றியதைத் தேட வேண்டும். பிரித்து மாட்டுவது எளிதல்ல. மரக்கட்டை மெலிந்து ரிசீவரோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டவற்றை நிறையப் பார்க்கலாம். .300 சாவேஜ் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. இரண்டு, மூன்று பருவம் கண்டு, தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர் தேடி வாங்க வேண்டிய ரைஃபிள் இது. அப்படி வாங்குபவர் .308 அல்லது .243இல் தேடினால் தோட்டாவுக்கு அலைய வேண்டியிருக்காது.

ஒஹையோவில் இருப்பவர்கள் மேலே சொன்ன .30-30ஐ மான் வேட்டைக்கு மறந்துவிடலாம். அங்கே ரைஃபிளில் கழுத்து குறுகாத, நேரான உறையுள்ள தோட்டாக்களையே அனுமதிக்கிறார்கள். .357 மேக்னம், .44 மேக்னம், .45-70 ஆகியவை அந்த வகை. .45-70 என்பது 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா. மார்லின் 1895 போன்ற ரைஃபிள்களில் இன்றும் சுடுகிறார்கள். வெள்ளைவால் மானுக்கு அது அளவுக்கு மீறியது, தோளையும் நோகடிக்கும். .44 மேக்னம் போதும், அதுவும் நூறு கெஜம்வரை.

பொழுதுபோக்காக இலக்கைச் சுடுவதே முக்கியம், வேட்டை எப்போதாவது என்பவருக்கு .357 மேக்னம் கார்பைன் நல்ல தேர்வு. அதே ரைஃபிளில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம். உதைப்பே தெரியாது, சத்தமும் தணிந்திருக்கும், பதின்வயதுப் பிள்ளைகள் பயமின்றிச் சுடுவார்கள். இதில் இரண்டு பழைய வடிவங்கள் போட்டியிடுகின்றன. இத்தாலியின் உபெர்ட்டி செய்யும் வின்செஸ்டர் 1873 வடிவத்தில் லீவர் எண்ணெயில் ஓடுவதுபோல நகரும். கௌபாய் உடையில் வேகமாகச் சுடும் போட்டிகளில் அதற்குத்தான் மதிப்பு. பிரேசிலின் ரோஸி செய்யும் 92 வடிவம், பிரவுனிங்கின் 1892 வடிவமைப்பு. பூட்டும் அமைப்பு வலுவானது, ரைஃபிள் இலகுவானது, விலையும் குறைவு. சற்றுக் கரடுமுரடாக வரும். சில நூறு தோட்டாக்களில் இழைந்துவிடும். வேட்டைக்கும் தூக்கிப்போக எண்ணினால் 92தான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு .22 வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஹென்றி நிறுவனத்தின் எச்001 இரண்டரைக் கிலோவுக்குக் குறைவு. 15 தோட்டா கொள்ளும். 1860இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி செய்த புகழ்பெற்ற ரைஃபிளின் பெயரை 1996இல் தொடங்கிய இந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது. பெயரைத் தவிர வேறு தொடர்ச்சி இல்லை. ஆனால் லீவரின் வழுவழுப்புக்கு இந்த விலையில் இணை கிடையாது. மார்லின் 39ஏ இதைவிட உயர்ந்த வேலைப்பாடு. ஒரு நாணயத்தால் திருகைக் கழற்றி இரண்டாகப் பிரித்துப் பையில் வைக்கலாம். பழையது நல்ல நிலையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பென்சில்வேனியாவில் .22ஆல் மானைச் சுடக்கூடாது. அணில் வேட்டைக்கு ஆகும். ஒரு பெட்டி .30-30 விலையில் பல பெட்டி .22 வாங்கிவிடலாம். தோளுக்கு வந்தவுடன் கன்னம் கட்டையில் ஒட்டுவது, சுட்ட பிறகும் முகத்தை எடுக்காமல் லீவரை இயக்குவது, இரண்டும் .22இல் ஆயிரம் முறை செய்தால்தான் மானின் முன்னால் தானாக வரும்.

ஆக, என்னிடம் நேராகக் கேட்டால்: முப்பது வயது, நல்ல கண், நடந்து தேடும் வேட்டை என்றால் வின்செஸ்டர் 94. நாற்பத்தைந்துக்கு மேல், அல்லது அந்திவரை காத்திருந்து சுடுபவர் என்றால் தாழ்வாக ஸ்கோப் வைத்த மார்லின் 336. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், எல்லாருக்கும் பொதுவாகச் சொல் என்றாலும் 336தான். நானும் அதற்குத்தான் மாறினேன். 94 இன்னும் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. பனி விழுந்த நல்ல வெளிச்சமுள்ள காலைகளில் அதை எடுத்துப்போகிறேன்.

எதை வாங்கினாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். பொழுது சாய்ந்து வண்டிக்குத் திரும்பும்போது ரைஃபிளைக் காலி செய்ய வேண்டும்; நிறைந்த ரைஃபிளை வண்டியில் வைப்பது இங்கே குற்றம். பழைய குழாய் ரைஃபிள்களில் லீவரை ஆட்டி ஆட்டித்தான் ஒவ்வொரு தோட்டாவாக வெளியே எடுக்க முடியும். அப்போது விரல் விசையைத் தொடவே கூடாது. நான் தொப்பியைக் கீழே விரித்து அதில் விழச் செய்கிறேன். இலைச்சருகில் விழுந்த பித்தளையை இருட்டில் தேடுவது பெரும்பாடு. எண்ணிப் போட்டதை எண்ணி எடுத்து, பிறகு அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

பழையது வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு சிறு விளக்கோடு போங்கள். ரைஃபிள் காலி என்பதைக் கடைக்காரர் முன்னாலேயே உறுதி செய்துகொண்டு, போல்ட்டைத் திறந்து அறைப்பக்கம் ஒளியைக் காட்டிக் குழலுக்குள் பாருங்கள். சுருள் பள்ளங்கள் நுனிவரை கூர்மையாக ஓட வேண்டும். சுத்தியலைப் பாதி மடக்கில் நிறுத்தினால் விசைக்கு அசையாமல் நிற்க வேண்டும். திருகுகளின் தலையைக் கவனியுங்கள். பிளவு சிதைந்திருந்தால் பொருந்தாத திருப்புளியால் யாரோ உள்ளே நோண்டியிருக்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். ரிசீவரின் அடியில், சமநிலை உள்ள அந்த இடத்தில், நீலப்பூச்சு தேய்ந்து வெள்ளியாக மின்னினால் விலை கேட்கத் தயங்க வேண்டாம். அது சுட்டதால் வந்த தேய்மானமில்லை. யாரோ ஒருவர் முப்பது, நாற்பது பருவங்கள் அதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறார்.